கொடை இல்லாத மாதங்களுக்கும் சம்பளம்: நெல்லைச் சீமையில் ஒரு கலைக்குழுவை வேலைக்கு அமர்த்துவது எப்படி?

நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டு செட், அதாவது குழு, வைத்திருக்கும் புலவரிடம் (தலைமைப் பாடகரிடம்) வருமானம் என்ன என்று கேட்டால் மாதக் கணக்கில் சொல்ல மாட்டார். கொடை எனப்படும் ஊர்க் கோவில் திருவிழாக்களின் கணக்கில்தான் சொல்வார். பங்குனி உத்திரத்தில் சாஸ்தா கோவில்கள் தொடங்கிவைக்கும். சித்திரை, வைகாசியில் அம்மன் கோவில்கள், ஆடி, ஆவணியில் சுடலைமாடன் கோவில்கள், பிறகு குலசேகரன்பட்டினம் தசரா. அதோடு சரி. ஐப்பசி பிறந்ததும் வில் பரணுக்குப் போய்விடும். குடம் அடிப்பவர் கட்டட வேலைக்குப் போவார், ஜால்ரா போடுபவர் பீடி சுற்ற உட்காருவார்.

புதுக் கதை படிக்கவும், மறந்த பகுதியை மூத்த ஆசானிடம் போய்க் கேட்டுக்கொள்ளவும், மகுடம் என்ற தோல்கருவியில் இன்னொரு அடவைத் தேடிப் பார்க்கவும் நேரம் இருப்பது அந்த மாதங்களில்தான். அந்த மாதங்களில்தான் கையில் காசும் இருப்பதில்லை. கலைஞருக்கு மாதச் சம்பளம் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நிகழ்ச்சிகளுக்காகவே கொடுக்கிறார்கள். நிகழ்ச்சிக்கு இங்கே ஏற்கெனவே பணம் உண்டு. சம்பளம் போய்ச் சேர வேண்டியது நிகழ்ச்சி இல்லாத நாட்களுக்கு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

இது இறக்குமதிச் சரக்கும் இல்லை. பழைய திருநெல்வேலிச் சீமையின் எட்டயபுரம் சமஸ்தானம் சுப்பராம தீட்சிதரை ஆஸ்தான வித்வானாக வைத்துக் காப்பாற்றியது. தீட்சிதர் குடும்பத்தின் கிருதிகளைச் சுரக் குறிப்போடு தொகுத்த அவருடைய பெரும் நூல் 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சானது. கச்சேரிக்குக் கச்சேரி கூலி வாங்குகிறவரால் அப்படி ஒரு வேலையை முடித்திருக்க முடியாது. ஆனால் அந்த ஆதரவு செவ்விசைக்குக் கிடைத்தது. சுடுகாட்டு ஓரத்துச் சுடலை கோவிலில் விடிய விடியப் பாடியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1. எந்த வகை உதவி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வெளிநாடுகளில் மூன்று வழிகள் இருக்கின்றன. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மூன்றாண்டுகளுக்கு வாரம் 325 யூரோ கொடுத்தது. அது அடிப்படை வருமானம். கைமாறாக எந்த வேலையும் கேட்கவில்லை. பிரான்சில் 12 மாதத்தில் 507 மணி நேரம் கலைத்தொழில் செய்தவருக்கு வேலையில்லாத நாட்களுக்கான உதவித்தொகை உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 300 கலைஞர்களை உள்ளூர் அமைப்புகளோடு இணைத்து, ஆண்டுக்கு 65,000 டாலர் சம்பளத்தில் இரண்டாண்டு வேலைக்கே அமர்த்தினார்கள்.

நம் பருவக் கணக்குக்கு பிரான்ஸ் முறைதான் நெருக்கமானது. ஆனால் அதற்கு ஓர் அரசாங்கமே வேண்டும். ஒரு கல்லூரியோ, அறக்கட்டளையோ, ஊர்ச் சங்கமோ செய்யக்கூடியது மூன்றாவது வழி, அதாவது வேலை. வேலை என்று சொல்லிவிட்டால் நியமனக் கடிதம், விடுமுறை, வருங்கால வைப்பு நிதி எல்லாம் கூடவே வரும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் நேர்மையாக ‘நல்கை’ என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். வேலையும் வாங்கிக்கொண்டு நல்கை என்று பெயர் வைப்பதுதான் தவறு.

2. ஆளை எடுக்காதீர்கள், செட்டை எடுங்கள்

விருது பெற்ற ஒருவரை மட்டும் சம்பளத்தில் வைப்பது சுலபம், செய்தியாளர் சந்திப்புக்கும் அழகாக இருக்கும். ஆனால் வில்லில் புலவர் தனியாகப் பயிற்சி செய்ய முடியாது. அவர் வலப்பக்கமிருந்து பாட, இடப்பக்கமிருந்து பாட்டை வாங்கிப் பாட ஆள் வேண்டும். உடுக்கும் குடமும் சேர வேண்டும். சுடலைமாடன் கோவில்களில் நடக்கும் கணியான் கூத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, உச்ச மகுடமும் மந்த மகுடமும் ஒன்றோடொன்று பேச, பெண் வேடமிட்ட ஆட்டக்காரர்கள் ஆட வேண்டும். புலவருக்கு மட்டும் சம்பளம் என்றால் மற்றவர்கள் கொத்து வேலைக்குப் போய்விட, அவர் வெறும் அறையில் உட்கார்ந்திருப்பார்.

தேர்வை மேடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோவிலுக்குப் போங்கள், அதுவும் சாமக்கொடைக்குப் போங்கள். நள்ளிரவுக்குப் பிறகு, கூட்டம் குறைந்து, பாதிப்பேர் தூங்கி வழியும் நேரத்தில் ஒரு செட் எப்படிப் பாடுகிறது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். பிறகு அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஆறு மாதம் சும்மா கிடைத்தால் என்ன செய்வீர்கள்?’ திட்ட அறிக்கை எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது எழுதத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியாகிவிடும். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, உங்கள் ஆள் எழுதட்டும்.

3. பதிவும் கூட்டாளியும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அறக்கட்டளையாகவும் பதிவு செய்யலாம். ஆனால் புதிதாகப் பதிவு செய்த அமைப்புக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி நேரடியாகக் கிடைக்காது. வருமான வரிச் சட்டப்படியான அறநிறுவனப் பதிவு, நன்கொடை வரிச்சலுகைப் பதிவு (பழைய சட்டத்தில் 12ஏ, 80ஜி) ஆகியவற்றோடு மூன்றாண்டுச் செயல்பாட்டையும் கேட்பார்கள். எனவே முதல் சுற்றில் பழைய அமைப்பு ஒன்றின் கீழ் நடத்துவதே புத்திசாலித்தனம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அருகில்தான். இப்படிப்பட்ட இடங்களில் அறையும் கணக்கரும் தணிக்கையும் தயாராக இருக்கும்.

4. பணம்

ஐந்து பேர் கொண்ட ஒரு வில்லுப்பாட்டு செட்டுக்கு ஓர் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் மாதிரிக்குத்தான்; உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு மாதம் 18,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 10,80,000. பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்புக்காகப் புலவருக்கு மாதம் 2,000 ரூபாய் கூடுதல் படித்தொகை: 24,000. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்கு, நிர்வாகக் கட்டணம் சேர்த்து 15,000 ரூபாய் வரம்பின் மேல் 13 சதவீதம்: 1,17,000. தீபாவளிக்கு அரை மாதச் சம்பளம்: 45,000. குடும்ப மருத்துவக் காப்பீடு: 50,000. பயிற்சி அறை வாடகை: 96,000. கருவி, பழுது: 50,000. பயணம்: 60,000. மூத்த ஆசான்களுக்குக் காணிக்கை: 60,000. பகுதிநேரக் கணக்கர்: 60,000. கூட்டினால் 16,42,000. பத்து சதவீதம் கையிருப்பு சேர்த்தால் சுமார் 18 லட்சம்.

இதில் ஆசான் காணிக்கையைத்தான் நிதி கொடுப்பவர்கள் முதலில் வெட்டுவார்கள். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். எழுபது வயதுப் பெரியவர் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கதையின் விட்டுப்போன பகுதியைச் சொல்லிக்கொடுத்தால், வெற்றிலை பாக்கோடு வைக்கும் பணம் கௌரவமான தொகையாக இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே சம்பளமா என்று புலவர் முகம் சுளிப்பார். கொடைப் பணத்தில் அவர் பங்கு எப்போதும் கூடுதல். அந்தப் பங்கு முறையில் நீங்கள் தலையிட வேண்டாம். ஆனால் பயிற்சி நேரம் குடக்காரருக்கும் புலவருக்கும் ஒன்றுதான். சம்பளமும் ஒன்றாகவே இருக்கட்டும். சம்பளத்தை மொத்தமாகப் புலவர் கையில் கொடுக்கவே கூடாது. ஒவ்வொருவரின் வங்கிக் கணக்குக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

பணம் எங்கிருந்து? கம்பெனிச் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவின்படி, வரம்புக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாம் அட்டவணையில் மரபுக் கலைகளின் மேம்பாடும் இருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட் முதல் ராதாபுரம் காற்றாலைகள் வரை கேட்க இடங்கள் உண்டு. ‘எத்தனை பயனாளிகள்?’ என்பார்கள். ஐந்து என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். கூசாமல் சொல்லுங்கள், அந்த ஐவர் ஆண்டுதோறும் பாடும் கோவில்களின் பட்டியலையும் கூடவே வையுங்கள். ‘ஐயாயிரம் மாணவர்களுக்கு ஒருநாள் பயிலரங்கம்’ என்று திட்டத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னால், அது வேறு திட்டம்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் நல்கைகளும் உண்டு. மூத்த கலைஞருக்கு மாதம் 20,000, இளையவருக்கு 10,000 என்று இரண்டாண்டு நல்கை. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 5,000 உதவித்தொகை. குரு-சிஷ்யத் திட்டங்களும் இருக்கின்றன. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்திலும், திருநெல்வேலி மண்டலக் கலை பண்பாட்டு மையத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். ஆனால் அரசு நல்கையை நம்பிச் சம்பளத் தேதியை அறிவிக்காதீர்கள். ஆறு மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த பிறகே முதல் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாம் மாதமே சம்பளம் தவறினால், அவர் உங்களுக்காக விட்டுவந்த மேஸ்திரி மறுபடி கூப்பிட மாட்டார்.

5. சம்பளம் வந்தால் எதெல்லாம் போகும்?

இதை யாரும் யோசிப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். நீங்கள் கொடுக்கும் சம்பளம் ஆண்டுக்கு 2,16,000. ஆக, நீங்கள் நல்லது செய்யப்போய் அவர் வீட்டுக் காப்பீட்டு அட்டை கேள்விக்குள்ளாகும். 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வரம்பு 2.5 லட்சம், சம்பளத்தோடு கொடை வருமானமும் சேர்ந்தால் அதையும் தாண்டலாம். மேலே கணக்கில் குடும்ப மருத்துவக் காப்பீட்டைச் சேர்த்தது இதற்காகத்தான். தொழிலாளர் அரசு காப்பீடு எனும் இ.எஸ்.ஐ. பத்துப் பேர் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். சம்பள வரம்பு 21,000. இரண்டு செட்களைச் சேர்த்து அமர்த்தினால் அந்த எண்ணிக்கை எட்டிவிடும், மருத்துவச் செலவும் குறையும்.

வருங்கால வைப்பு நிதி இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். அதற்குக் குறைவாக இருந்தாலும் விருப்பத்தின் பேரில் சேரலாம், சேருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்க மட்டும் யாரும் மறக்கக் கூடாது. உங்கள் வேலை முடிந்துபோகும், வாரியம் இருக்கும்.

இந்தக் கணக்கை எல்லாம் கையெழுத்துக்கு முன், வீட்டில் இருக்கும் பெண்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அட்டை யார் பையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அதன் மதிப்பு தெரியும்.

6. நியமனக் கடிதம்: கொடைக்குத் தேதி மாறாது

ஓர் ஊரில் கால்நாட்டி, குடியழைத்து, மதியக்கொடை, சாமக்கொடை என்று சாமிக்கு நாள் குறித்துவிட்டால் அதில் எவரும் கை வைக்க முடியாது. பல கோவில்களில் குறிப்பிட்ட குடும்பத்தார்தான் வந்து ஆட வேண்டும் என்ற வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. ‘அலுவலக நாள், விடுப்பு இல்லை’ என்று அங்கே சட்டம் பேசினால் அவர் வேலையை விட்டுவிடுவார். விட வேண்டும்தான்.

அதனால் நேரத்தை மாதக் கணக்கில் வைக்காமல் ஆண்டுக் கணக்கில் வையுங்கள். ஆண்டுக்கு 1,400 மணி நேரம் என்று கொள்வோம். ஐப்பசி முதல் மாசி வரை சுமார் 21 வாரம், வாரம் 40 மணி: 840. மீதி 560 மணி நேரத்தை மற்ற ஏழு மாதங்களில் பரப்பிக்கொள்ளலாம். அந்த மாதங்களில் செவ்வாய், வெள்ளியில் கொடை விழும் வாரங்களுக்கு அறையைப் பூட்டியே வையுங்கள். சம்பளம் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை, ஒரே தேதி.

கடிதத்தில் இவற்றைத் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலப் பிரதி பின்னிணைப்பாக இருக்கட்டும். கொடை, திருமணம், தசரா எதுவானாலும் வெளி வருமானம் முழுக்கக் கலைஞருக்கே; அமைப்புக்குப் பங்கு கிடையாது. பங்கு கேட்டால் அச்சாரம் வாங்கியதை மறைப்பார்கள், பிறகு எல்லாமே மறைவாகிவிடும். அமைப்பின் சொந்த நிகழ்ச்சிகள் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் கூப்பிட்டால் சந்தை விலைக்குத் தனிப்பணம். அமைச்சர் வரவேற்பு, ஆண்டு விழா, நிதி கொடுத்தவர் வீட்டுத் திருமணம் எல்லாம் இந்த ஆறுக்குள் அடங்கட்டும், அல்லது அடங்காமலே போகட்டும்.

முன்பணம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம். வட்டி இல்லாமல், நான்கு தவணையில் பிடித்துக்கொள்ளலாம். பெரிய முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

கரகாட்டம், பெண்கள் வில்லுப்பாட்டு செட் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று எழுதிவிடுங்கள், சட்டம் உங்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாவிட்டாலும். பயிற்சி மாலை ஆறு மணிக்கு முடியட்டும். பாலியல் தொல்லைப் புகாருக்குப் பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது; அதன் விவரத்தை அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கட்டாயம். குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்டவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை வரும். பத்துப் பேரைத் தொடும் அமைப்புகள் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் அதையும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

7. பாட்டு யாருக்குச் சொந்தம்?

பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவு ஒரு பொறி. பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலை நேரத்தில் உருவானது எதுவானாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். அதாவது உங்கள் சம்பளத்தில் இருக்கும் புலவர் புதிதாகக் கட்டிய கதை, நீங்கள் வாயைத் திறக்காமலே உங்களுடையதாகிவிடும். எனவே அதற்கு நேர்மாறாக எழுதுங்கள்: புதுப் படைப்பின் உரிமை கலைஞருக்கே, அமைப்புக்குக் காப்பகப் பிரதி வைத்துக்கொள்ளவும், வணிகம் இல்லாமல் பாடத்துக்குப் பயன்படுத்தவும் மட்டும் அனுமதி. ஒலிப்பதிவை இணையத்தில் ஏற்ற ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது, அது 50 ஆண்டு நிற்கும்.

சட்டம் சொல்லாத எல்லை ஒன்றும் உண்டு. கணியான் கூத்தில் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் கைவெட்டும், பலிச்சோற்று உருண்டையான திரளையும் சுடலையின் முன்னால் நடக்க வேண்டிய சடங்குகள். அவற்றைப் ‘பயிற்சி’ என்றோ ‘அரங்க வடிவம்’ என்றோ அறைக்குள் கொண்டுவரச் சொல்லக் கூடாது, படம் பிடிக்கவும் கூடாது. எது கோவிலோடு நிற்க வேண்டும் என்று அண்ணாவியே ஒரு பட்டியல் சொல்லட்டும். காரணம் கேட்காமல் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

8. வாரம் எப்படிப் போகும்?

முதல் மாதம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். வருவார்கள், தேநீர் குடிப்பார்கள், பழைய கொடைக் கதை பேசுவார்கள், சண்டையும் வரும். விட்டுவிடுங்கள். சும்மா ஒன்றாக உட்கார்வது இவர்களுக்குப் புதிது. இதுவரை வேனில்தான் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு நாட்களை மெல்ல வகுக்கலாம். இரண்டு நாள் கூட்டுப் பயிற்சி. ஒரு நாள் ஏடு, நோட்டு வேலை: புலவர்கள் வைத்திருக்கும் பாட்டு நோட்டுகளைப் படி எடுப்பது, இரண்டு ஊர்ப் பாடங்களை ஒப்பிடுவது. முத்துப்பட்டன் கதையைப் பாபநாசம் பக்கம் ஒரு விதமாகவும் தெற்கே வேறு விதமாகவும் பாடக் கேட்கலாம். அந்த வேறுபாட்டை உட்கார்ந்து கேட்க இப்போதுதான் நேரம் கிடைக்கும். ஒரு நாள் ஆசான் வீட்டுக்குப் பயணம். ஐந்தாம் நாள் அவரவர் விருப்பம். அந்த ஐந்தாம் நாளுக்கு அறிக்கை கேட்காதீர்கள்.

வருகைப் பதிவேடு வேண்டும், தணிக்கைக்குத் தேவை. விரல்ரேகைக் கருவி வேண்டாம்.

9. வேலை நடந்ததா என்று எப்படி அறிவது?

நிகழ்ச்சி எண்ணிக்கையைக் கேட்கவே கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை, மாசி மாதத்தில், வேறு செட்களைச் சேர்ந்த மூன்று மூத்த கலைஞர்களை அழைத்து ஒரு முழு இரவு பாட வையுங்கள். அவர்கள் சொல்வதுதான் மதிப்பீடு. பேராசிரியர்கள் பார்வையாளராக வரலாம். போன ஆண்டு பாடாத எதைப் பாடினார்கள், குடக்காரர் புலவருக்கு வழிவிடும் இடங்கள் மாறியிருக்கின்றனவா, இளையவர் ஒருவர் தனியாக ஒரு கதையை எடுத்து நடத்த முடிகிறதா என்று அந்த மூவரும் பேசுவதை எழுதி வையுங்கள். நிதி கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை அதுதான்.

10. எப்போது தொடங்கி எப்போது முடிப்பது?

தசரா முடிந்து ஐப்பசியில் தொடங்குங்கள். மூன்றாவது பங்குனியில் முடியுங்கள். மொத்தம் 30 மாதம். அதற்குள் மூன்று வறண்ட பருவங்கள் அடங்கிவிடும். செலவு சுமார் 45 லட்சம். நிதியாண்டை ஒட்டி ஏப்ரலில் தொடங்கினால், ஆட்கள் கைக்குக் கிடைக்காத மாதங்களில் முதல் பாதி ஆண்டு கரைந்துபோகும். பங்குனியில் முடிப்பதால் சம்பளம் நிற்கும் நேரத்தில் கொடைப் பணம் வரத் தொடங்கும்.

திட்டம் நீளுமா நீளாதா என்பதைக் கடைசி ஆவணியிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த வறண்ட பருவத்துக்கு அவர்கள் வேறு வழி பார்க்க முடியும். கடைசி மாதத்தில் பணிச் சான்றிதழ், வைப்பு நிதிக் கணக்கு எண், படி எடுத்த நோட்டுகளின் ஒரு முழுப் பிரதி, ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். திட்டப் பணத்தில் வாங்கிய உடுக்கும் மகுடமும் ஒலிபெருக்கியும் செட்டுக்கே என்று முதல் நாள் கடிதத்திலேயே எழுதியிருந்தால், தணிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்வது எளிது.